இடித்தது கப்பல், கட்டுவது யார்?

“இடிச்சவன்தானே கட்டித் தரணும் சித்தப்பா? இதுல என்ன இம்புட்டு கேசு?”

அண்ணன் மகன் இதைக் கேட்டது மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாசஞ்சரில். மண்டபம் தாண்டி வண்டி புதிய பாம்பன் பாலத்தில் ஏறியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே 1914-ல் திறந்த பழைய பாலம் துருவேறி நின்றது. அவன் கையிலிருந்த போனில் அமெரிக்காவின் பால்டிமோர் பாலம் விழுகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்ததும் கப்பல் படிப்பில் சேர வேண்டும் என்று இருப்பவன். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள் என்று தெரிந்ததிலிருந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்.

கேள்வி நியாயமானதுதான். எங்கள் தெருவில் லாரி ரிவர்ஸ் எடுத்து ஒருவர் வீட்டுச் சுவரைச் சாய்த்தால், பொழுது சாய்வதற்குள் நாலு பேர் கூடி, கொத்தனார் கூலி, செங்கல், சிமெண்ட் எல்லாம் கணக்குப் போட்டு லாரிக்காரரிடம் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பாலமும் கப்பலும் என்று வந்தால் மட்டும் அந்தக் கணக்கு ஏன் வருஷக்கணக்கில் இழுக்கிறது? வண்டி பாம்பன் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்குள் அவனிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கடல் சட்டமும் பொறியியலும் படிக்காதவர்களுக்காக எழுதுவது இது.

நடந்தது என்ன

2024 மார்ச் 26, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி ஆகப் போகிறது. ‘டாலி’ என்ற கண்டெய்னர் கப்பல் பால்டிமோர் துறைமுகத்தை விட்டுக் கொழும்புக்குக் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கப்பலில் மாலுமிகள் 21 பேர். அவர்களில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கைக்காரர். கூடவே அந்தத் துறைமுகத்தின் நீர்வழி தெரிந்த உள்ளூர் பைலட்டுகள் இரண்டு பேர். பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் இருக்கும்போது கப்பலில் கரண்ட் போனது. இன்ஜின் நின்றது. ஒரு நிமிஷத்தில் கரண்ட் திரும்பி வந்து, மறுபடியும் போனது.

கப்பலின் நீளம் 984 அடி. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. அதைப் படுக்க வைத்து வரிசையாக அடுக்கினால் ஆறு கோபுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரக்கோடு சேர்த்து எடை ஒரு லட்சம் டன்னுக்கு மேல். 25 டன் லாரி என்று வைத்துக்கொண்டால் நாலாயிரம் லாரிக்கும் அதிகம். மோதியபோது வேகம் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர், அதாவது நாம் சைக்கிள் மிதிக்கிற வேகம். இவ்வளவு எடைக்கு அந்த வேகமே போதும். அவசர ஜெனரேட்டரில் சுக்கானைத் திருப்பிப் பார்த்தார்கள், நங்கூரத்தை இறக்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் முக்கியத் தூண்களில் ஒன்றில் முட்டியது. 1977-ல் திறந்த பாலம் சில நொடிகளில் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஒரு தூண் போனதற்கு முழுப் பாலமும் ஏன் விழ வேண்டும் என்று அவன் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே பழைய பாம்பன் பாலத்தைக் காட்டினேன். அதில் தூணுக்குத் தூண் தனித்தனி கர்டர், அதாவது இரும்பு உத்தரம். கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் போட்ட பெஞ்சு மாதிரி. ஒன்றின் கால் ஒடிந்தால் அந்த பெஞ்சுதான் சாயும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று பார்ப்பார். பால்டிமோர் பாலத்தின் நடுப்பகுதி அப்படி இல்லை. பல தூண்களின் மேல் ஒட்டுமொத்தமாக ஓடிய ஒரே இரும்புக் கூடு, டிரஸ் என்பார்கள். ஒரே நீளப் பலகையை நாலு முக்காலி மேல் வைத்ததுபோல. கீழே ஒன்றைத் தட்டிவிட்டால் பலகையே போய்விடும். இரும்பைச் சிக்கனமாகச் செலவழித்து நீண்ட இடைவெளியைத் தாண்ட அந்த முறை நல்லது. தாங்குவது போனால் மாற்று வழி இல்லை என்பதுதான் அதன் குறை.

விழுந்த நேரத்தில் பாலத்தின் மேல் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர்கள் அவர்கள்தான்.

பொறுப்பு என்று மூன்றைச் சொல்கிறோம்

நாம் “யார் பொறுப்பு?” என்று ஒரே மூச்சில் கேட்கிறோம். உள்ளே மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதனால் நடந்தது என்பது ஒன்று. யார் பணம் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. யார் திரும்பக் கட்டுவது என்பது மூன்றாவது. சுவர் இடிந்தால் இந்த மூன்றையும் தெருவில் நின்றே முடித்துவிடலாம். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள், தனித்தனி மேஜை, தனித்தனி வேகம். குழப்பமெல்லாம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால் வருவது.

எதனால் என்பதை விசாரித்தது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். 2025 நவம்பரில் முடிவைச் சொன்னார்கள். கப்பலுக்குள் ஆயிரக்கணக்கான மின் இணைப்புகள். அதில் சிக்னல் போகும் ஒரு மெல்லிய வயர். அடையாளத்துக்காக அந்த வயரில் மாட்டியிருந்த லேபிள் வளையம் சரியான இடத்தில் இல்லாமல் முனைப்பக்கம் வந்திருந்தது. அதனால் வயர் டெர்மினலுக்குள் முழுதாக இறங்கவில்லை. நம் வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பாக்ஸைத் திறந்ததும் சொல்வாரே, “லூஸ் கனெக்‌ஷன்ணே”, அதேதான். வயர் நழுவியது, பிரேக்கர் ட்ரிப் ஆனது, கப்பல் இருண்டது. இரண்டாம் முறை கரண்ட் போனதற்குக் காரணம் வேறு. ஜெனரேட்டருக்கு டீசல் தள்ள, அந்த வேலைக்கென்று இல்லாத வேறொரு பம்பைப் பயன்படுத்தி வந்தார்கள். கரண்ட் போய்த் திரும்பினால் அது தானாக ஓட ஆரம்பிக்காது. ஜெனரேட்டர் எண்ணெய் இல்லாமல் நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விபத்து நடந்த கையோடு இணையத்தில் இந்திய மாலுமிகளைக் கேவலப்படுத்திப் படம் வரைந்து போட்டார்கள். பார்த்தபோது வயிறு எரிந்தது. பின்னால் விசாரணை சொன்னது வேறு. கப்பல் தளத்தில் இருந்தவர்களும் பைலட்டுகளும் தாமதிக்காமல் செயல்பட்டார்கள். தூரம்தான் போதவில்லை. அவர்கள் கொடுத்த எச்சரிக்கையால்தான் காவலர்கள் ஒன்றரை நிமிஷத்துக்குள் இரண்டு முனையிலும் வண்டிகளை நிறுத்த முடிந்தது. அந்த மாலுமிகளில் பலர் விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் அந்தக் கப்பலிலேயே இருந்தார்கள். போன்களைப் புலனாய்வுத் துறை வாங்கிக்கொண்டது. மே 13-ந்தேதி, கப்பல் மேல் விழுந்து கிடந்த பாலத்தின் பகுதியை வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்தான் இருந்தார்கள். கப்பல் வேலை என்றால் நல்ல சம்பளம், வெளிநாடு என்று மட்டும் நினைக்கிற வீடுகளில் இதையும் பேச வேண்டும்.

விசாரணை வாரியத்தின் அறிக்கையை நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். முதலில் கேட்டபோது எனக்கே இது விநோதமாக இருந்தது. யோசித்தால் புரிகிறது. வாரியத்தின் வேலை இன்னொரு பாலம் விழாமல் தடுப்பது. சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பணத்தை யார் கொடுப்பது என்பதை நீதிமன்றம் தனியாக, தன் சாட்சிகளை வைத்துக்கொண்டு பார்க்கும்.

கப்பல்காரரின் எல்லைக்கோடு

இனி பணம். அண்ணன் மகன் நம்ப மறுத்த பகுதி இதுதான்.

விபத்து நடந்த ஆறாவது நாள், 2024 ஏப்ரல் 1 அன்று, கப்பலின் உரிமையாளரும் அதை நடத்திய நிறுவனமும் நீதிமன்றத்துக்குப் போய், “எங்கள் பொறுப்பை 4.37 கோடி டாலரோடு நிறுத்துங்கள்” என்று மனுப் போட்டார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பாருங்கள். கப்பலின் மதிப்பு 9 கோடி டாலர் என்றார்கள். அதில் பழுதுபார்க்கும் செலவு 2.8 கோடி, மீட்புச் செலவு 1.95 கோடி கழிக்கப்பட்டது. அந்தப் பயணத்தின் சரக்குக் கூலி சுமார் 12 லட்சம் டாலர் கூட்டப்பட்டது. ஆக, அடிபட்ட பிறகு கப்பல் எவ்வளவு பெறுமோ அவ்வளவுதான் தருவோம் என்பது கணக்கு.

இது அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. 1851-ல் அமெரிக்கா போட்ட சட்டம். கடல் வியாபாரம் அன்று உயிரைப் பணயம் வைக்கிற தொழில். பாய்மரக் கப்பல் கரையைத் தாண்டிவிட்டால் உரிமையாளருக்கு அதன்மேல் பிடி கிடையாது. தகவல் வரவே மாதங்கள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கேப்டன் செய்த தவறுக்குக் கரையில் இருக்கிறவனின் வீடு வாசலெல்லாம் போகும் என்றால் யாரும் கப்பலில் பணம் போட மாட்டார்கள். அதனால் போட்ட வரம்பு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் உரிமையாளர்களும் இதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் கடலடியில். மிஞ்சியவை உயிர்காப்புப் படகுகள்தான். படகுகளின் மதிப்புக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான் தர முடியும் என்று வாதாடினார்கள். கடைசியில் சமரசத்தில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து முடித்தார்கள்.

இந்த வரம்பை உடைக்க ஒரு வழி உண்டு. கோளாறு உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று நிரூபித்தால் வரம்பு போய்விடும். லாரியை வைத்தே பார்ப்போம். டிரைவர் கண்ணசந்துவிட்டார் என்பது ஒன்று. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் மூன்று நாளாகச் சொல்லியும், “இந்த ஒரு லோடு மட்டும் இறக்கிட்டு வந்துருப்பா” என்று முதலாளி அனுப்பிவைத்தார் என்பது வேறு. டாலி வழக்கில் எதிர்த்தரப்பார் சொன்னதும் இரண்டாவது வகைதான். கப்பல் துறைமுகத்தில் நின்றபோதே, முந்தின நாள், இரண்டு முறை கரண்ட் போயிருந்தது. அந்தக் கோளாறுகள் வேறு காரணத்தால் வந்தவை என்றாலும், பராமரிப்பு எப்படி இருந்தது என்ற கேள்வி எழத்தானே செய்யும்.

அமெரிக்க நீதித்துறை 2024 செப்டம்பரில் சுமார் 10.3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. நீர்வழியைத் திறக்க ஆன செலவுக்கும் அவசரப் பணிகளுக்கும் மட்டும் கேட்ட தொகை அது. அடுத்த மாதமே ஏறக்குறைய 10.2 கோடிக்கு சமரசம் ஆனது. கப்பல்காரர்கள் தாங்கள் கேட்ட மொத்த வரம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அந்த ஒரு வழக்குக்கே கொடுத்தார்கள். பாலத்தின் விலை அதில் சேரவில்லை. அதற்கு மேரிலாந்து மாநிலம் தனியாக வழக்குத் தொடுத்தது. உயிரிழந்தவர்களின் குடும்பங்களும் தனியாகத் தொடுத்தன.

1851-க்கு நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இன்று உரிமையாளர் சிங்கப்பூரில் உட்கார்ந்து கப்பல் எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று திரையில் பார்க்கிறார். பழைய காரணம் காலாவதியாகிவிட்டது. சட்டம் அப்படியே நிற்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

சரி, அவ்வளவு பணம் கப்பல்காரரிடம் ஏது? நம் ஊர்ப்பக்கத்துத் தலைக்கட்டு வரி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். செலவு கூடிவிட்டால் மறுபடியும் ஒரு வரி போடுவார்கள். கப்பல் உரிமையாளர்களும் அப்படித்தான் சேர்ந்திருக்கிறார்கள். பி அண்ட் ஐ கிளப் என்று பெயர். லாபம் பார்க்கும் கம்பெனி இல்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் காப்பீடு. உலகக் கடல் சரக்குக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதம் இப்படி 12 கிளப்புகளுக்குள் இருக்கிறது. பெரிய அடி விழுந்தால் எல்லா கிளப்புகளும் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கும் மேலே மறுகாப்பீடு, காப்பீட்டுக்கே ஒரு காப்பீடு. ஒரு சம்பவத்துக்குச் சுமார் 310 கோடி டாலர் வரை தாங்கும் ஏற்பாடு அது. ஒரு கப்பல் இடித்ததற்கு உலகத்துக் கப்பல்களெல்லாம் வரி கட்டுகின்றன.

சரக்கு அனுப்பியவர்களும் தப்பவில்லை. ‘ஜெனரல் ஆவரேஜ்’ என்று மிகப் பழைய கடல் வழக்கம் ஒன்று உண்டு. கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவை, அதில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் மதிப்புக்கேற்ப ஏற்க வேண்டும். டாலியிலும் அதை அறிவித்தார்கள்.

நம் பக்கத்தில் இது எப்படி என்று கேட்கலாம். 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கண்டெய்னர் கப்பல் மூழ்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. மூழ்கின கப்பலை என்ன செய்ய முடியும்? அதே குழுமத்தின் இன்னொரு கப்பல் கேரளாவின் விழிஞ்சம் துறைமுகத்துக்கு வந்திருந்தது. அதைப் பிடித்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கடல் சட்டத்தில் கப்பலையே கைது செய்யலாம். உத்தரவாதத் தொகை கட்டும்வரை நங்கூரம் தூக்க முடியாது. 2017-ல் வந்த நம் அட்மிரால்டி சட்டத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஊர் ஊராகப் போகிற கடன்காரனைப் பிடிக்க அவன் மாட்டைக் கட்டிப்போடுவது மாதிரி.

இதில் ஒரு பிரிவினர் பெரும்பாலும் வெறுங்கையோடு நிற்பார்கள். பாலம் விழுந்ததால் வியாபாரம் படுத்த கடைக்காரர், துறைமுகம் மூடியதால் கூலி போன சுமைதூக்குபவர். சொத்து எதுவும் நேரடியாக உடையாமல் வருமானம் மட்டும் போனால் நஷ்டஈடு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-ல் சொன்னதுதான் பொதுவாக இன்றும் விதி. சிம்மக்கல்லில் பூக்கட்டும் அக்காவுக்கு, ஏ.வி. பாலம் மூடியிருந்த நாட்களின் நஷ்டத்தை யாரும் தரமாட்டார்கள் என்பதுபோல. எங்கேயாவது கோடு போட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் எப்போதும் தினக்கூலிகளாகவே இருப்பதுதான் என் மனதை அறுக்கிறது. அவர்களுக்கு அரசு உதவித்தொகை மூலம்தான் ஏதாவது செய்ய முடியும்.

யார் கட்டுகிறார்கள்

நேராகச் சொன்னால், அரசு. வழக்கு முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. காத்திருக்கவும் முடியாது. நாளொன்றுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வண்டிகள் போன பாலம் அது. பெட்ரோல் டேங்கர் போன்ற ஆபத்தான சரக்கு வண்டிகளுக்கு அந்த ஊர்ச் சுரங்கப்பாதைகளில் அனுமதி இல்லை. அவை ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பாலத்துக்கு மாநிலம் எடுத்து வைத்திருந்த காப்பீட்டிலிருந்து 35 கோடி டாலர் வந்தது. 2024 டிசம்பரில், கட்டுமானச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் என்று சட்டம் ஆனது. காப்பீட்டிலும் வழக்கிலும் வருகிற பணம் பிறகு மத்திய அரசுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே அண்ணன் மகனுக்கு நான் சொன்ன பதில் இது: இடித்தவன் கட்டித் தரமாட்டான். ஊர்ப் பணத்தில் முதலில் கட்டிவிட்டு, இடித்தவனிடம் பிறகு வசூலிப்பார்கள். வந்தவரை லாபம். வராதது வரி கட்டுகிறவன் தலையில்.

“அப்ப சீக்கிரம் கட்டிர வேண்டியதுதானே? 1964 புயல்ல போன இந்தப் பாம்பன் பாலத்தையே நாப்பத்தாறு நாள்ல கட்டுனாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னதுதான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டுபோனது. இ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி தூக்கி வைத்து 46 நாளில் ரயில் ஓட வைத்தார். அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே தூண்களில் பெரும்பாலானவை நின்றன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதியும் தாங்கியது. போனது பெஞ்சுப் பலகை, கால்கள் இருந்தன. பால்டிமோரில் காலும் போனது, பலகையும் போனது. மிச்சம் நின்றதையும் இடித்துவிட்டு, அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் கடலடியில் கிடந்ததை எடுக்க வேண்டும். ஏறக்குறைய 50,000 டன் இரும்பும் கான்கிரீட்டும். கலங்கிய தண்ணீரில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. எந்தக் கம்பியை வெட்டினால் எது துள்ளும் என்று தெரியாது. காணாமல் போனவர்களைத் தேடுவது முதல் வேலை. ஆறாவது நபரின் உடல் மே முதல் வாரத்தில்தான் கிடைத்தது. மே 20 அன்று டாலியை மிதக்கவிட்டு இழுத்துப் போனார்கள். ஜூன் 10 அன்று நீர்வழி முழுதாகத் திறந்தது. பதினொரு வாரம்.

புதிய பாலம் கம்பிவடங்களில் தொங்கும் வகை. பழையது தண்ணீருக்கு மேல் 185 அடி உயரம் விட்டிருந்தது; நம் தெற்குக் கோபுரம் அதன் அடியில் நுழைந்து போகும். புதியது 230 அடி. தூண்களுக்கு நடுவில் 1,200 அடியாக இருந்த வழி 1,600 அடிக்கு மேல் ஆகிறது. முதலில் 170 முதல் 190 கோடி டாலர், 2028-ல் திறப்பு என்றார்கள். 2025 நவம்பரில் கணக்கு 430 முதல் 520 கோடியானது, திறப்பு 2030 கடைசிக்குப் போனது. பொருள்களின் விலை ஏறியது ஒரு காரணம். தூண்களைக் காக்கும் அரண்களுக்கு ஆகும் செலவு இன்னொன்று. அந்த இரண்டாவது காரணத்தில்தான் விஷயமே இருக்கிறது.

மூலைக்கல்

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் எங்கள் பழைய வீடு ஒரு சந்து திரும்பும் முனையில் இருந்தது. சுவரின் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் சாய்வாக நட்டிருக்கும். மாட்டுவண்டி திரும்பும்போது அச்சு சுவரில் உரசாமல் இருக்கத் தாத்தா காலத்தில் நட்டது. கல்லின் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்து பள்ளமாக இருக்கும். சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் குதிகாலை வைத்து ஏறி நிற்போம். எத்தனை வண்டிகள் இடித்திருக்கும் என்று அந்தப் பள்ளத்துக்குத்தான் தெரியும். சுவரில் ஒரு கீறல் கிடையாது.

பாலத் தூணுக்கும் அதுதான் வேண்டும். வண்டிக்காரர் நல்லவரா, மாடு மிரண்டதா என்பதெல்லாம் கல்லுக்குத் தேவையில்லை. யாராவது ஒருநாள் இடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டு நடுவது. ரயில்வே தரைப்பாலத்துக்கு முன்னால் மஞ்சளும் கறுப்பும் அடித்து உயரக் கம்பி வைத்திருப்பதும் இதே யோசனைதான். அது நெளியட்டும், பாலம் பிழைக்கட்டும். ஆற்றிலும் கடலிலும் தூணுக்கு முன்னால் கான்கிரீட்டில் பெரிய உருளைகளைக் கட்டுவார்கள், டால்ஃபின் என்று பெயர். அல்லது தூணைச் சுற்றிப் பாறை கொட்டித் தீவாக்கிவிடுவார்கள். கப்பல் தூணைத் தொடுவதற்கு முன்பே தரைதட்டி நின்றுவிடும்.

அமெரிக்கர்களுக்கு இது தெரியாததல்ல. 1980-ல் ஃபுளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் புயல்மழையில் ஒரு கப்பல் மோதி 35 பேர் இறந்தார்கள். 1987-ல் அங்கே திறந்த புதிய பாலத்துக்கு வலுவான அரண் போட்டார்கள். அதே 1980-ல் பால்டிமோர் பாலத்திலும் ஒரு கப்பல் மோதியது. 390 அடிக் கப்பல். தூண் தாங்கிக்கொண்டது. தாங்கியதே கெடுதலாகிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. 1990-களில் புதிய பாலங்களுக்கு மோதல் ஆபத்தைக் கணக்கிடுவது கட்டாயமானது. பழைய பாலங்களுக்கும் கணக்கிட்டுப் பாருங்கள் என்று ஆலோசனைதான் சொன்னார்கள், கட்டாயமில்லை. கப்பல்கள் 390 அடியிலிருந்து 984 அடிக்கு வளர்ந்தன. தூணும் அதன் முன்னால் இருந்த சின்ன டால்ஃபின்களும் அப்படியே இருந்தன. விபத்துக்குப் பிறகு விசாரணை வாரியம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. முக்கியப் பாலங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆபத்தைப்போல ஏறக்குறைய 30 மடங்கு வந்தது. பாலத்தை வைத்திருந்த நிர்வாகம் அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டதில்லை. இப்படிக் கணக்குப் போடாத 68 பாலங்கள் நாட்டில் இருப்பதாக 2025 மார்ச்சில் வாரியம் பட்டியல் கொடுத்தது.

ஆகவே இடித்தது கப்பல்தான், விழுந்ததற்கு மூலைக்கல் நடாதவர்களுக்கும் பங்கு உண்டு. நீதிமன்றம் இந்தப் பங்கைச் சதவீதமாகப் பிரிக்கலாம். கப்பல்காரர்களின் வக்கீல் இதைத்தான் முதலில் கையில் எடுப்பார். அதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2013 ஜனவரி 13, போகி நாளன்று, கடற்படையின் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஒன்று அலையில் அடித்து வரப்பட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய பாம்பன் பாலத்தில் மோதியது. சேதம் சிறியது, பழுதுபார்த்து வண்டியை விட்டார்கள். சிறிய சேதத்தோடு போன மோதலைத்தான் அதிகம் பயந்து பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

பாலத்தின் மேல் இருந்த எட்டுப் பேர்

அவர்கள் அன்றிரவு பாலத்தில் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடைவேளை. சிலர் தங்கள் வண்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கப்பலிலிருந்து எச்சரிக்கை வந்தது, காவலர்கள் இரண்டு முனையிலும் வண்டிகளை மறித்தார்கள், புதிதாக ஒரு கார்கூட ஏறவில்லை. மேலே ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பது காவலர்களுக்குத் தெரியும். இன்னொரு காவலர் வந்ததும் போய்ச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே பாலம் போய்விட்டது. ஆறு பேர் இறந்தார்கள்.

வண்டிகளை நிறுத்தச் சொன்ன அதே நேரத்தில் அவர்களுக்கும் ஒரு தகவல் போயிருந்தால், பாலத்தின் விழாத பகுதிக்கு ஓட்டிப் போக நேரம் இருந்திருக்கலாம் என்று விசாரணை வாரியம் எழுதியிருக்கிறது. நேராகக் கூப்பிட ஒரு வழி ஏற்பாட்டில் இல்லை. டெர்மினலில் இறங்காத வயரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இந்த இரண்டு வரியைத் தாண்ட எனக்கு நேரமானது. வயர் கோளாறைக் கண்டுபிடிப்பது கடினம். அரண் கட்டக் கோடிகள் வேண்டும். ஒரு வாக்கி டாக்கிக்கு எவ்வளவு ஆகும்?

ராமேஸ்வரம் போய் வந்த அடுத்த வாரம், இரவு பதினொன்றரைக்கு வைகைப் பாலம் ஒன்றில் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். ஐந்தாறு பேர் பாலத்தின் இணைப்பு இடைவெளியில் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் பளபளக்கும் சட்டை. நாலு ரப்பர் கூம்பு, தார் அடுப்பின் வெளிச்சம். ஓரமாக நிறுத்தி மேஸ்திரியிடம் கேட்டேன், திடீரென்று ஏதாவது என்றால் உங்களுக்கு யார் சொல்லுவார்கள், ஏதாவது நம்பர் கொடுத்திருக்கிறார்களா என்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கேட்பது புரியாமல் ஒரு நிமிஷம் பார்த்தார்.

“யாருண்ணே சொல்வாக? சத்தம் கேட்டா ஓடுவோம்.”